ரெஸ்லிங் சண்டை நிஜமா, செட்டப்பா? முடிவு எழுதிவைத்த ஆட்டத்தை டெல்டா ரசிகர்கள் விடாமல் பார்ப்பது ஏன்?

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதமாக இருந்தால், அப்பா மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பியிருப்பார். வீட்டுக்குள் பையன் மட்டும் போர்வைக்குள் மொபைலை வைத்துக்கொண்டு விழித்திருப்பான். அமெரிக்காவில் திங்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கும் 'ரா' நிகழ்ச்சி, தஞ்சாவூரில் செவ்வாய் காலை 5.30 மணி. அங்கே குளிர்காலம் என்றால் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், இங்கே 6.30 ஆகிவிடும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.

"இதெல்லாம் செட்டப்புடா, எழுந்து படி!"

"அதெல்லாம் தெரியும்ப்பா. நீங்க சும்மா இருங்க."

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா வீடுகளில் கேபிள் வந்த காலத்திலிருந்து நடக்கும் உரையாடல் இது. அன்றைக்குத் திட்டு வாங்கிய பையன்களில் பலர் இன்றைக்கு அப்பாக்கள். ஆனாலும் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. சண்டை நிஜமா? நிஜம் இல்லை என்றால் தெரிந்தே ஏன் பார்க்கிறார்கள்? பிள்ளைகள் பார்க்கலாமா?

சுருக்கமான பதில் என்ன?

யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். யார் யாருக்குப் பகை, யார் யாருக்குத் துரோகம் செய்வார் என்பதும் எழுதப்பட்ட கதைதான். ஆனால் 100 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் கயிற்றின் மேலிருந்து குதித்து விழுவது நிஜம். அந்த விழுகையில் முதுகுக்கும் கழுத்துக்கும் கிடைக்கும் அதிர்ச்சியும் நிஜம்.

ஆக, அப்பா சொல்வதும் சரி, பையன் சொல்வதும் சரி.

இதை ரகசியமாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. கதையை நிஜம்போலவே காப்பாற்றுவதற்கு அந்தத் தொழிலில் 'கேஃபேப்' என்று பெயர். ஹீரோவும் வில்லனும் வெளியே ஒரே காரில் போகக் கூடாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. 1989-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்த நிறுவனமே முன்வந்து, 'இது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு' என்று அரசிடம் சொன்னது. காரணம் எளிது. விளையாட்டு என்றால் அரசின் விளையாட்டு ஆணையம் கண்காணிக்கும், கட்டணமும் வரியும் கட்ட வேண்டும். பொழுதுபோக்கு என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆக, "இது நடிப்பு" என்பதை அவர்களே ஒத்துக்கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

எது நடிப்பு? எது நிஜம்?

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முகத்தில் குத்து: பெரும்பாலும் நடிப்பு. கை முகத்தை உரசும் நேரத்தில் காலால் மேடையைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்கள்.

நெஞ்சில் விழும் அறை: நிஜம். உள்ளங்கையால் நெஞ்சில் அறைவதைப் பொய்யாகச் செய்ய முடியாது. சில நிமிடங்களில் நெஞ்சு சிவந்து தடித்துப்போவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

மேடை: 20 அடிக்கு 20 அடி. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய பஞ்சு, அதன் மேல் கேன்வாஸ் துணி. மெத்தை என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வீட்டுக் கட்டிலைவிடக் கடினமானது. கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அவ்வளவுதான்.

விழுவது: பயிற்சி. தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும். இதைக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும்.

தூக்கிப் போடுவது: இருவரும் சேர்ந்து செய்வது. தூக்கப்படுபவர் தானே எம்பிக் கொடுக்காவிட்டால் அத்தனை எடையைத் தூக்க முடியாது. மற்றவர் உயிர் தன் கையில் இருக்கிறது என்பது தூக்குபவருக்குத் தெரியும். பரம எதிரிகளாகக் காட்டப்படும் இருவர்தான் உண்மையில் ஒருவரை ஒருவர் அதிகம் நம்ப வேண்டியவர்கள்.

இரும்பு நாற்காலி: நிஜ நாற்காலிதான். முதுகில் அடிப்பார்கள். தலையில் அடிப்பதற்கு 2010-ல் தடை வந்துவிட்டது.

நடுவர்: அவரும் கதையில் ஒரு பாத்திரம்தான். காதில் கருவி இருக்கும். 'நேரம் முடியப்போகிறது, முடித்துக்கொள்ளச் சொல்' என்ற தகவல் அவர் வழியாகத்தான் போகும். அதே நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போலத் தூக்கினால் ரசிகர்கள் பதறிவிடுவார்கள். 'நிஜமாகவே அடிபட்டுவிட்டது, மருத்துவரை அனுப்புங்கள்' என்பதற்கான சைகை அது.

ஒலிம்பிக் மல்யுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. பிடிகள் பல அங்கிருந்து வந்தவைதான். ஆனால் ஒலிம்பிக்கில் மூன்று நிமிடங்கள் கொண்ட இரண்டு சுற்று, புள்ளிக் கணக்கு, முடிவு யாருக்கும் தெரியாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கே.டி.ஜாதவ் வாங்கிய வெண்கலமும், 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் வாங்கிய வெண்கலமும் அந்த ஆட்டத்தில் வந்தவை.

முடிவு தெரிந்த கதையை எதற்குப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அமெரிக்கா போக வேண்டாம். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கும் மெலட்டூருக்குப் போனால் போதும்.

நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே ஆண்டுதோறும் பாகவத மேளம் நடக்கும். பிரகலாத சரித்திரம் இரவு முழுக்க ஓடும். தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வருவார், இரணியன் சாவான் என்பது கூட்டத்தில் இருக்கும் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நரசிம்மர் முகமூடி அணிந்தவர் ஆவேசமாகப் பாயும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் அவரைப் பிடித்து இழுத்து நிறுத்தும்போது, உட்கார்ந்திருப்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். அந்த வேடத்துக்கு அவர் விரதம் இருக்கிறார். அது அங்கே பக்தி, இங்கே வியாபாரம். இரண்டையும் ஒன்றாக்க முடியாது. ஆனால் 'என்ன நடக்கும்' என்பதைவிட 'எப்படி நடக்கும்' என்று விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் டெல்டாவுக்குப் புதிதில்லை.

சினிமாவிலும் இதே கதைதான். எம்.ஜி.ஆர். ஜெயிப்பார் என்று தெரியாமல் யாரும் டிக்கெட் வாங்கவில்லை. நம்பியார் எவ்வளவு கொடுமை செய்கிறாரோ அவ்வளவுக்கு அந்தக் கடைசிச் சண்டை இனிக்கும். திரையில் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிய நம்பியார், நிஜத்தில் தீவிர ஐயப்ப பக்தர். ரெஸ்லிங்கில் வில்லனுக்கு 'ஹீல்' என்று பெயர், ஹீரோவுக்கு 'ஃபேஸ்'. நல்ல வில்லன் என்பவர் அரங்கத்தில் இருக்கும் இருபதாயிரம் பேரையும் தன்னைத் திட்டவைப்பவர். அவர் வேலையைச் சரியாகச் செய்தால்தான் ஹீரோவுக்குக் கைதட்டல்.

அப்படியென்றால் ரசிகர் எதைத்தான் பார்க்கிறார்?

விவரம் தெரிந்த ரசிகருக்கு 'யார் ஜெயிப்பார்' என்பதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: 'என்னை நம்பவைத்தார்களா?'

அடிவாங்கியவர் வலியை எவ்வளவு நன்றாகக் காட்டினார்? பத்து நிமிடம் முன்னால் காலில் வாங்கிய அடியை இப்போதும் நினைவில் வைத்து நொண்டுகிறாரா, இல்லை மறந்துவிட்டு ஓடுகிறாரா? ஹீரோ எந்த வாரம் வில்லனாக மாறுவார்? இதையெல்லாம் கவனிப்பார்கள். வாரம் தவறாமல் வரும் நிகழ்ச்சி என்பதால் சீரியல்போல ஒரு கதை மாதக்கணக்கில் இழுபடும். 'ரா' முதலில் ஒளிபரப்பானது 1993 ஜனவரி 11. சனிக்கிழமை காலை நமக்குக் கிடைக்கும் 'ஸ்மாக்டவுன்' 1999-ல் தொடங்கியது. இரண்டும் வாராவாரம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

ஜான் சீனாவின் கடைசி ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். 2002-ல் அறிமுகமாகி, 17 முறை சாம்பியனானவர். 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் கடைசியாக மேடை ஏறினார். இந்தியாவில் அது 14-ஆம் தேதி ஞாயிறு காலை. 'எப்போதும் விட்டுக்கொடுக்காதே' என்பதையே தன் முத்திரையாக வைத்திருந்தவர், குந்தர் என்பவரின் பிடியில் சிக்கி, கையால் தட்டித் தோல்வியை ஒத்துக்கொண்டார்.

கதைதானே, ஜெயிக்கவைத்து அனுப்பியிருக்கலாமே என்று கோபப்பட்டவர்கள் நிறைய. ஆனால் அந்தத் தொழிலின் பழைய வழக்கம் அது. போகிறவர் தோற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் இருப்பவர் பெரிய ஆளாவார். முடிவு எழுதப்பட்டது என்று தெரிந்த ரசிகர்களும் அன்று காலை கண்கலங்கினார்கள் என்றால், அந்தக் கண்ணீர் தோல்விக்காக இல்லை. ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய வயசு முடிந்துபோனதற்காக.

டெல்டாவுக்கு ரெஸ்லிங் வந்த கதை

இதற்குக் கேபிளுக்கும் முந்தைய வரலாறு உண்டு. 1950-60களில் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட பெயர்கள் தாராசிங், கிங்காங். கிங்காங் என்பவர் ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா. தாராசிங் 1968-ல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன் ஆனார். இன்றைக்கும் உடம்பைக் காட்டி நடப்பவரைப் பார்த்து, "பெரிய தாராசிங்னு நெனப்பு" என்று சொல்வது அந்தக் காலத்து மிச்சம்.

1990-களில் கேபிள்காரர் வீட்டுக்கு வீடு வயர் இழுத்தபோது டபிள்யூ.டபிள்யூ.எஃப். வந்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கும் அதே எழுத்துகள்தான் பெயர் என்பதால் வழக்கு நடந்து, 2002-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. ஆனாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். 2002-ல் டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்த பிறகு வாராவாரம் பார்ப்பது வழக்கமானது.

பெட்டிக்கடையில் ட்ரம்ப் கார்டு தொங்கியது அந்தக் காலம்தான். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கணக்கு. இங்கிலீஷ் கமென்ட்ரி முழுசாகப் புரியாவிட்டாலும், அண்டர்டேக்கரின் உயரம் 6 அடி 10 அங்குலம் என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கு மனப்பாடம்.

அண்டர்டேக்கர் செத்துச் செத்துப் பிழைப்பவர் என்று நம்பியவர்களும் உண்டு. "ஒரிஜினல் ஆள் செத்துட்டாரு, இது டூப்பு" என்ற பேச்சும் ஊர் ஊராகச் சுற்றியது. அந்த வதந்தி முழுக்க ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 1994-ல் பிரையன் லீ என்பவருக்கு அதே வேடம் போட்டு, 'அண்டர்டேக்கருக்கு எதிராக அண்டர்டேக்கர்' என்று நிஜமாகவே ஒரு ஆட்டம் நடத்தினார்கள். 1996-ல் அக்‌ஷய் குமாரின் இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக வந்தவரும் அதே பிரையன் லீதான்.

2006-ல் இமாச்சலப் பிரதேசத்துக்காரரான தி கிரேட் காளி வந்து அண்டர்டேக்கரையே சாய்த்ததும், அடுத்த ஆண்டே உலக சாம்பியன் ஆனதும் நம் பக்கத்துப் பையன்களுக்குப் பெரிய விஷயம். 2021 ஜூனில் சோனி டென் 4 சேனல் வந்த பிறகு தமிழ் கமென்ட்ரியும் கிடைத்தது. அதுவரை படத்தை மட்டும் பார்த்துக் கதையைத் தாங்களே ஊகித்துக்கொண்டவர்களுக்கு, யார் எதற்காகக் கோபப்படுகிறார் என்பது முதல்முறையாகத் தமிழில் புரிந்தது.

2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் டபிள்யூ.டபிள்யூ.இ. நெட்ஃபிக்ஸுக்குப் போய்விட்டது. கேபிளில் வந்தபோது கூடத்தில் இருக்கும் டிவியில் தாத்தா, சித்தப்பா, பேரன் என எல்லோர் கண்ணிலும் பட்டது. இப்போது தனியாகச் சந்தா கட்ட வேண்டும். கட்டினாலும் அது பெரும்பாலும் மொபைல் திரைதான். கட்ட முடியாதவர்கள், இரண்டு நிமிட ரீல்ஸில் வரும் தூக்கிப் போடும் காட்சியை மட்டும் பார்க்கிறார்கள்.

இதில்தான் சிக்கலே இருக்கிறது. முழு நிகழ்ச்சியில் 'வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்' என்ற எச்சரிக்கை வரும். ரீல்ஸில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து 'இது செட்டப்பு' என்று சொல்லும் சித்தப்பாவும் இருக்க மாட்டார்.

பயிற்சி பெற்றவர்களுக்கே நடந்தது என்ன?

1997 ஆகஸ்டில் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து உட்காரும் 'பைல்டிரைவர்' அடியில் சில அங்குலம் பிசகியது. தலை நேராகத் தரையில் மோதியது. சில நிமிடங்கள் அவரால் கை கால்களைச் சரியாக அசைக்க முடியவில்லை. பின்னாளில் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 38 வயதில் ஓய்வுபெற்றதற்கு அந்தக் கழுத்து முக்கியக் காரணம்.

1998 ஜூன் 28 அன்று மிக் ஃபோலியை, சுமார் 16 அடி உயரக் கம்பிக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் தள்ளினார். அது திட்டமிட்டது. எழுந்து மறுபடி மேலே ஏறியபோது கூரைக் கம்பி வலை பிய்ந்து உள்ளே விழுந்தார். அது திட்டத்தில் இல்லை. மயங்கினார், பல் உடைந்தது.

1999 மே 23 அன்று ஓவன் ஹார்ட் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் பிடி கழன்று விழுந்து இறந்தார். 'இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல' என்று வர்ணனையாளர் நேயர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. செட்டப் பார்த்துப் பழகியவர்களுக்கு நிஜத்தை நம்பவைப்பது அன்றைக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

2011-ல் எட்ஜ் சாம்பியனாக இருக்கும்போதே கழுத்துத் தண்டுவடப் பிரச்சினையால் விலகினார். திரும்பி வர 9 ஆண்டுகள் ஆனது.

இவர்கள் எல்லோரும் பல ஆண்டு பயிற்சி எடுத்தவர்கள். மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார்.

வைக்கோல் போரும் ஆற்று மணலும்

டெல்டாவில் வளர்ந்த ஆண் பிள்ளைகளுக்கு முதல் ரெஸ்லிங் மேடை வைக்கோல் போர்தான். அறுவடை முடிந்து களத்தில் போர் போட்டதும் மேலே ஏறி ஒருவனை ஒருவன் தள்ளிவிட்டுக்கொண்டு கிடப்பார்கள். உடம்பெல்லாம் சுணை பிடித்து அரிக்கும், வீட்டில் அடியும் விழும். கோடையில் தண்ணீர் நின்ற பிறகு வெண்ணாற்று மணலும் வெட்டாற்று மணலும் மேடையாகும்.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. அறுவடை இயந்திரம் வந்த பிறகு, வைக்கோலையும் இயந்திரம்தான் வயலிலேயே இறுக்கமாகச் சுருட்டிக் கட்டுகிறது. பழைய போர் போல அமுங்காது. விளையாட்டு வீட்டுத் தரைக்கும், கட்டிலுக்கும், பள்ளி வராந்தாவுக்கும் வந்துவிட்டது. டைல்ஸ் தரையில் பின்னந்தலை பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர் என்ன சொல்லலாம்?

'எல்லாம் பொய்' என்று மட்டும் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லாமே பொய் என்றால் அடியும் படாது என்றுதான் ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும். 'ஜெயிக்கிறது மட்டும்தான் கதை, விழுறது நிஜம், அதுக்குப் பல வருஷம் பயிற்சி வேணும்' என்று சொன்னால் சரியாகப் போய்ச்சேரும்.

- கழுத்தைப் பிடித்துத் தூக்குவது, தலைகீழாகப் பிடிப்பது, கழுத்தை நெரிப்பது ஆகிய மூன்றும் விளையாட்டுக்குக்கூட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.
- சின்னப் பிள்ளைகள் பார்க்கும்போது முடிந்தவரை பெரியவர் ஒருவர் கூட இருக்கலாம். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்வதைவிட, 'இப்ப அவர் காலால தரையைத் தட்டினதைப் பாத்தியா?' என்று கேட்பது அதிகம் பலன் தரும்.
- ஆர்வம் விடவில்லை என்றால் மல்யுத்தம், ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி எங்கே கிடைக்கிறது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். இவற்றில் முதலில் கற்றுத்தருவதே பத்திரமாக விழுவது எப்படி என்பதைத்தான்.
- அடிபட்ட பிள்ளைக்குக் கழுத்து வலி, கை காலில் மரத்துப்போன உணர்வு, வாந்தி, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் தூக்கி உட்காரவைக்கக் கூடாது, கழுத்தை அசைக்கக் கூடாது. அப்படியே படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். அடி விழுந்து சில மணி நேரம் கழித்து வாந்தியோ, அளவுக்கு மீறிய தூக்கமோ வந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையும் அதே உரையாடல் நடக்கும். "செட்டப்புடா" என்று அப்பா சொல்லுவார். அன்றைக்கு வயலுக்குப் போக ஐந்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எது செட்டப், எது நிஜம் என்று பையனையே கேட்டுப் பார்க்கலாம். ஒருகாலத்தில் ட்ரம்ப் கார்டு வைத்திருந்தவர் என்றால், பதில் சரியா தப்பா என்று அவருக்கே தெரியும்.